பாப்பாவுக்கு என் பங்கு

செவ்வாய்க் கோள் நிலையம், காய்கறிக்கூடம்.
பதிவு: செண்பகவடிவு.

மார்ச் 3, காலை 6.40
தொட்டிகளுக்கு மண்புழு உரம் இட்டேன். மீனும் வெல்லமும் புளித்த கரைசலைத் தண்ணீரில் கலந்து இலைகளில் தெளித்தேன். கத்தரி பூத்திருக்கிறது. மகள் இயலிக்கு ஒன்பது மாதம். மசித்த அரைக்கீரையை வாயெல்லாம் பூசிக்கொண்டு தின்கிறாள். உரம் தயாரித்து அனுப்பும் மாசிலன் அண்ணன், மறுசுழற்சிக் கட்டடத்திலிருந்து வானொலியில்: “என் பங்குக் கீரையையும் பாப்பாவுக்கே குடும்மா. வளர்ற புள்ள. நான் பொட்டலத்தப் பிரிச்சுத் தின்னுட்டுக் கெடக்கேன்.”
இந்த வெறுங்கோளில் இவளுக்கு ஒரு தாய்மாமன் கிடைத்துவிட்டார்.

மார்ச் 9, மாலை 5.15
புது உரத்தில் விட்ட மண்புழுக்கள் உள்ளே இறங்கவில்லை. தொட்டிச் சுவரேறி வெளியே விழுகின்றன. ஈரம் சரி, சூடு சரி. இயலி இரண்டு நாளாகச் சாப்பிட்டதைக் கக்குகிறாள். பல் முளைப்பதால் இருக்கும். இருக்கும்தானே?

மார்ச் 10, பகல் 1.30
உரத்தைச் சோதித்தேன். ஈயம். கருவிதான் பழுது என்று திரும்பத் திரும்பச் சோதித்தேன். பிறகு இயலியின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு. அதிலும்.

மார்ச் 10, பகல் 2.05
வானொலிப் பதிவு.
“அண்ணே, உரத்துல என்ன கலந்தீங்க?”
“...மின்கல அறைக் கசடும்மா. அத ஒதுக்கி வைக்கிற கலம் ஒடஞ்சு ரெண்டு மாசமாச்சு. சொன்னா என்னையத் திருப்பி அனுப்பிடுவாங்க. மண்ணு எல்லாத்தையும் செரிச்சிரும்னு நெனச்சேன்.”
“அப்ப நீங்க மட்டும் ஏண்ணே கீரை தின்னல?”
அவர் வானொலியை அணைத்துவிட்டார். இரைச்சல்தான்.
ஒவ்வொரு தடவையும் அவருக்கு நன்றி சொன்னேன். இயலிக்குக் கைகூப்பக்கூடச் சொல்லிக்கொடுத்தேன்.

மார்ச் 11, காலை 7.20
செடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டேன். இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: இந்த மண்ணில் எதையும் நடாதீர்கள். பூமிக்குச் செய்தி அனுப்பியாயிற்று. கப்பல் ஜூலையில்தான். வானொலி: “சோறு அனுப்பிருக்கேன் செண்பா. சத்தியமா பொட்டலச் சோறுதான். என்னையத் திட்டு, புள்ளையப் பட்டினி போடாத.”
பிரிக்கவில்லை. பொட்டலக் கிடங்கு அவர் கட்டடத்தில்; குடிதண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது. எதை நம்ப?

மார்ச் 11, காலை 9
நானும் அதே கீரையைத்தான் தின்றேன். இப்போதுதான் உறைத்தது. என் தாய்ப்பாலைச் சோதித்தேன்.
இருக்கிறது.
இயலி விழித்துவிட்டாள். மார்பில் முகத்தைத் தேய்க்கிறாள். பசி. கொடுக்காமல் எப்படி. கொடுத்தால்