நாளைக்கு என்று சொன்ன பிள்ளை

கோட்டைப்பட்டினம்,
ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய இனியா டீச்சர் அவர்களுக்கு,

கோட்டைப்பட்டினம் பிளெஸ்ஸி வணக்கத்துடன் எழுதுகிறேன். நலமாக இருக்கிறீர்களா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நீங்கள் ஆசிரியர் குரூப்பை விட்டு வெளியேறி இன்றோடு முப்பத்தெட்டு நாள் ஆகிறது. உங்கள் நம்பருக்கு எதை அனுப்பினாலும் ஒரே ஒரு டிக்தான் விழுகிறது. உங்கள் யூடியூப் சேனலில் இருந்த வீடியோ ஒன்றையும் காணோம். குடுமியான்மலைப் பக்கம் உங்கள் பள்ளி முகவரிக்குத் தபால் போட்டால் எப்படியும் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பேனா பிடித்து யாருக்கும் நான் கடிதம் எழுதியதே இல்லை டீச்சர். எங்கள் அம்மா ஆரோக்கியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, வேலைக்கு அப்ளிகேஷனா?" என்று கேட்டார். உங்களுக்கு என்று சொன்னதும், "தோசையப் பிச்சுப் பின்னம் சொல்லிக் குடுக்குமே, அந்த டீச்சருக்கா? அப்ப கோடு போட்ட தாள்ல எழுது, ஒன் எழுத்து மலையேறும்" என்றார். அம்மாவுக்கும் நீங்கள் டீச்சர்தான். உங்கள் வீடியோ ஓடாமல் எங்கள் வீட்டில் மீன் குழம்பு கொதித்ததில்லை.

இங்கே பள்ளியில் எல்லாரும் நலம். நான்காம் வகுப்புக்கு இப்போதும் நான்தான் உதவிக்குப் போகிறேன். பி.காம் முடித்துவிட்டு, டீச்சர் ட்ரெயினிங் எதுவும் இல்லாமல், தன்னார்வலராக வந்தவள் நான். பாடம் நடத்துவது எப்படி என்று உங்களைப் பார்த்துத்தான் படித்தேன். நல்லவேளை, அறுபத்தொரு வீடியோ என் போனில் இறக்கி வைத்திருந்தேன். போன வாரம் 'வாய்ப்பாடு வண்டி' விளையாடினோம். டிக்கெட் இல்லாமல் ஏறிய கார்முகிலைப் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டில் இறக்கிவிட்டுவிட்டார்கள்.

உங்கள் ஜோடி வகுப்பைத்தான் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடற்கரைப் பள்ளி ஒன்றும் வயக்காட்டுப் பள்ளி ஒன்றும் மாதம் ஒரு புதன்கிழமை ஒரே திரையில் சேர்ந்து படிப்பது, உங்கள் யோசனை. குரூப்பில் நீங்கள் அதை எழுதிய அன்றைக்கு முதல் ஆளாகக் கை தூக்கியவள் நான். உங்கள் பிள்ளைகள் நிலக்கடலைச் செடியை வேரோடு தூக்கிக் காட்டியதும், எங்கள் பிள்ளைகள் நண்டைக் காட்டியதும் உங்கள் ஊர்ப் பையன் பெஞ்சு மேல் ஏறி நின்றதும் நேற்று மாதிரி இருக்கிறது.

டீச்சர், இனி எழுதப்போவதுதான் நான் எழுத வேண்டியது.

ஜூலை முதல் புதன்கிழமை. எங்கள் வகுப்புப் பிள்ளை சாமியா எழுந்து நின்று மூச்சு விடாமல் இருபத்து மூன்று மீன் பெயர் சொன்னாள். "இம்புட்டுப் பேரு யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டீர்கள். "எங்க அத்தா" என்று அவள் அப்பாவைச் சொன்னாள். கடலுக்குப் போயிருக்கிறார் என்றும் சொன்னாள். "எப்ப வருவாங்க?" என்று நீங்கள் கேட்கும்போது நெட் நின்று, உங்கள் முகம் அப்படியே உறைந்துவிட்டது. திரும்பி வந்ததும், "பிளெஸ்ஸி டீச்சர், புள்ளைக்குக் கேக்கல போல. நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றீர்கள்.

எங்கள் தெருவில் கடலுக்குப் போனவர் எப்போது வருவார் என்று கேட்க மாட்டோம்; கேட்டால் ஆகாது என்பார்கள். மனைவிகூடக் கேட்க மாட்டார். காற்று எப்படி, கடல் எப்படி என்று கேட்பதோடு சரி. இது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மாமா இரண்டு பேர் கடலுக்குப் போகிறவர்கள். ஆனால் நீங்கள், இனியா டீச்சர், அத்தனை பேர் முன்னால் என்னைப் பெயர் சொல்லி 'டீச்சர்' என்று கூப்பிட்டுவிட்டீர்கள். என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, எல்லாரும் அக்கா என்பார்கள். அந்தச் சந்தோஷத்தில் வகுப்பே அதிர, "அத்தா எப்ப வருவாங்க சாமியா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு திரையில் உங்கள் பிள்ளைகள் காத்திருப்பதைப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல வந்துருவாங்க டீச்சர்" என்றாள். எதற்கும் 'இன்ஷா அல்லாஹ்' சேர்க்கிற பிள்ளை, அன்றைக்கு அதையும் சேர்க்கவில்லை. இரண்டு ஊரும் கை தட்டின.

மறுநாள் படகு வரவில்லை. எல்லை தாண்டியதாக அவள் அத்தா முகமது ரபீக்கையும் இன்னும் மூன்று பேரையும் இலங்கைக் கடற்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கத்து அரவிந்த்குமார் சார் குரூப்பில், "கடக்கரைப் புள்ளைககிட்ட அப்புடிக் கேக்கலாமா டீச்சர்? இங்கிட்டு அதத்தான் பேசுறாங்க" என்று போட்டார். நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறினீர்கள். 'கேட்டது நான்தான் சார்' என்று ஐந்து தடவை டைப் செய்தேன். ஐந்து தடவையும் அழித்தேன். பள்ளிக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம். மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர். நேற்றுத்தான் குரூப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். அரவிந்த்குமார் சார் என்னைத் திட்டிவிட்டு, உங்கள் முகவரியையும் அவரே தேடிக் கொடுத்தார்.

சாமியா பள்ளிக்கு வருகிறாள், ஆனால் வாயைத் திறப்பதில்லை. புதன்கிழமை மட்டும் வருவதே இல்லை. சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் உம்மா ரம்லத் பீவி என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். "புடிச்சவன் என்ன, ஒங்க ஆன்லைன் கிளாஸப் பாத்துட்டா படக எடுத்துக்கிட்டு வந்தான்? போம்மா அங்கிட்டு. நானும் கேக்க மாட்டேன்தான். அதுக்காக, நீ கேட்டதால புடிச்சான்னு சொன்னா அல்லாவுக்கே அடுக்காது" என்றார். ரபீக் அண்ணன் வக்கீல் மூலமாக ஒரு தடவை பேசினாராம். காவலை இரண்டு முறை நீட்டித்திருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லையாம்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார். "அத்தாவ நெனச்சு அழுவுறான்னுதான் நானும் இருந்தேன். அது இல்லம்மா. 'அந்த டீச்சர்கிட்ட நாளைக்குன்னு பொய் சொல்லிட்டேன், அதுனாலதான் கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டாங்க, அதுனாலதான் அத்தாவும் வரல'ங்குறா. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. அவுங்க சொன்னாத்தான் கேப்பா."

டீச்சர், நீங்கள் உங்கள் மேல் தப்பு என்று போனீர்கள். நான் என் மேல் தப்பு என்று மறைத்தேன். நாம் இரண்டு பேரும் பேசாமல் இருந்த நாளெல்லாம், ஒன்பது வயதுப் பிள்ளை அதைத் தன் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்காக வர வேண்டாம். குரூப்புக்குத் திரும்ப வேண்டும் என்றும், சேனலைத் திறக்க வேண்டும் என்றும் கேட்க எனக்கு வாய் இல்லை. வருகிற 20ஆம் தேதி, புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக்குப் பழைய லிங்கையே திறந்து வைக்க ஹெட்மாஸ்டர் ஜெகபர் அலி சார் சம்மதித்துவிட்டார். சாமியாவைத் தானே கையைப் பிடித்துக் கூட்டி வருவதாக ரம்லத் பீவி சொல்லியிருக்கிறார். பாடம் எதுவும் தயார் செய்ய வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்து, 'உன்மேல எனக்குக் கோவமே இல்லம்மா' என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நெட் நின்றால் பயப்பட வேண்டாம். திரும்ப வரும்வரை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன். கடைசி மணி அடிக்கும்வரை திரையை மூட மாட்டேன்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். வாருங்கள் டீச்சர்.

என்றும் உங்கள் மாணவி,
அ. பிளெஸ்ஸி