கொங்கோனில் பாதி

அன்புள்ள மனைவி தாதிக்கா,

நீ என்னை விட்டுச் சாந்தியாகோ நகரத்தில் உன் தங்கை வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகிறது. அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதவர்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சமையல் சொல்லித்தரும் காணொளி என்று பக்கத்து வீட்டு யூபெல்கிஸ் ஒன்றைக் காட்டினாள். "வாத்தியாரே, உங்களுக்குன்னே எடுத்தது!" என்றாள். முதல் பெஞ்சு மாணவன் போல நோட்டுடன் உட்கார்ந்தேன். திரையில் வந்தது நீ.

நன்றாகவே சொல்லித்தருகிறாய். சோறு வெந்ததும் சட்டியடியில் முறுகிய சோற்றை, நம் கொங்கோனை, சுரண்டி எடுத்துச் சிரித்தாய்.

"பொண்ணுங்களா, நாப்பது வருஷமா இத எங்க வாத்தியாருதான் தின்னாரு. உனக்குக் கொஞ்சம் வேணுமான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. இப்ப பாருங்க, முழுசும் எனக்கு!"

கீழே அறுநூறு பேர் சிரித்திருந்தார்கள்.

என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். வருடம் முழுக்க விடைத்தாளைத் திருத்தாமல் வைத்திருந்து, கடைசி நாளில் ஃபெயில் போட்டது போல இருக்கிறது.

உன் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சமைத்தேன். இரண்டு முறை கரியானது. இன்று கொங்கோன் பொன்னிறமாக, ஒரே வட்டமாகப் பெயர்ந்து வந்தது. பாதியை உடைத்து உன் தட்டில் வைத்தேன்.

ஆறிப்போகுமே என்று அதையும் நானே தின்றுவிட்டேன்.

இப்படிக்கு,
எங்க வாத்தியார் என்று நீ சொன்னவன்