கீழ்வரிசைக்கு எந்த டயர்

ஆகஸ்ட் 6

குழி வெட்டும் பொக்லைனின் பின்சக்கரம் இரண்டும் மொட்டை. இன்று இடுகாட்டு வாசல் ஏற்றத்திலேயே வழுக்கியது, அதுவும் காய்ந்த மண்ணில். நல்லவேளை, பின்னால் வந்தது சவ ஊர்தி. உள்ளே இருந்தவருக்கு அவசரம் இல்லை. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார், மனுஷனுக்குக் கழுகுக் கண். "டயர் மாத்து, இல்லன்னா வண்டி உள்ள வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். "உன் தலைய விட மொட்டையா?" என்றாள். சிரித்ததும் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் விடவில்லை.

ஆகஸ்ட் 9

டயர் கடைக்காரர் பழைய கூட்டாளி, வாய் ஓயாது. இரண்டு டயரை உருட்டி வந்து நிறுத்தினார். ஒன்றில் ரப்பர் பட்டன் உயரமாக எழும்பி நிற்கிறது. சேற்றைக் கடித்துக்கொண்டு போகும், போகிற வழியெல்லாம் உழுதும் வைக்கும். இன்னொன்று தட்டைப் பட்டன். புல் பிய்யாது. ஈரக் களிமண்ணில் மட்டும் நம்ப முடியாது.

"எங்க ஓட்டப்போற? அதச் சொல்லு, நான் டயரைச் சொல்றேன்" என்றார்.

எங்கே என்பது தெரியும். எப்போது என்பதுதான் தெரியவில்லை. மேல்வரிசை சரளை மண், எது போட்டாலும் ஓடும். கீழ்வரிசை களிமண், மழை வந்தால் முழங்கால் சேறு. அங்கேதான் அக்காவின் மகள் பாப்பா கிடக்கிறாள். பக்கத்தில் ஓர் இடத்தை அக்கா தனக்கென்று அன்றைக்கே கேட்டு வாங்கிவிட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். அக்காவின் நுரையீரலில் இனிச் செய்ய ஒன்றுமில்லையாம். "மழைக்காலம் தாண்டுறது கஷ்டம்" என்றார்.

இந்த ஆளுக்கும் மழைதானா கிடைத்தது?

ஆகஸ்ட் 16

டயர் கடைப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 22

இரண்டு டயரைப் பற்றியும் கேட்டதிலிருந்து அக்கா விடவில்லை. "தட்டைப் பட்டனே போடு. போன மழையில உன் வண்டி பாப்பா மேட்டோரத்தை எப்படிக் கிழிச்சு வச்சிருந்தது! நான்தானே ரெண்டு கையாலயும் மண்ணை அள்ளிப் பூசினேன்."

"அது மழையில கீழ இறங்காதுக்கா."

"மழையில யாருடா கீழ போகப்போறா?" என்று கேட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் பார்க்க முடியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

உயரப் பட்டன் போட்டால், அவள் மழைக்குள் போய்விடுவாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. தட்டை போட்டால்? போட்டால் மட்டும் இருந்துவிடுவாளா? டயரைப் பாத்தா உயிர் நிக்குது? எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?

செப்டம்பர் 1

தட்டைப் பட்டன் போட்டாயிற்று. "மழை வருது, நல்லா யோசிச்சுக்கோ" என்றார் கடைக்காரர். "எல்லாம் எனக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரு!" என்று கத்திவிட்டேன். பாவம், குனிந்து நட்டை முறுக்கினார்.

வண்டியை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்தேன். அக்கா சுவரைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வந்தாள். "கிழவனுக்குப் புதுச் செருப்பு" என்றாள். சந்தோஷமாக இருந்தாள். எனக்கும்தான். இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

செப்டம்பர் 19

மழை.

செப்டம்பர் 20

மழை. அக்கா எதுவும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 27

யாருக்கும் சொல்லாமல் கீழ்வரிசைக்கு வண்டியை இறக்கிப் பார்த்தேன். பாதிச் சரிவிலேயே சக்கரம் நின்ற இடத்தில் சுற்றியது. முன் பக்கெட்டை மண்ணில் ஊன்றித் தள்ளித்தான் மேலே ஏறினேன்.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. "டயரை மாத்திடறேன்" என்றேன்.

"மாத்தாதே. இறங்காதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்." மூச்சு வாங்கியது. "எத்தன பேருக்கு சீட்டுல உக்காந்தபடியே வெட்டிட்டு டீ குடிக்கப் போயிருக்க? நான் பாக்கலையா? பாப்பாவுக்கும் அப்படித்தான் வெட்டின. எனக்கு மட்டும் இறங்கி வெட்டு."

"போக்கா!" என்று எழுந்து வந்துவிட்டேன். நான் அவள் இருப்பாள் என்று போட்ட டயர். அவள் போவதற்குப் போடச் சொன்ன டயர். படுபாவி. வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அக்டோபர் 3

விடிந்ததும் அக்கா போய்விட்டாள். மழை விடவில்லை.

அக்டோபர் 5

பேனா பிடிக்க வரவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

நேற்று வண்டியை மேல்வரிசையில் நிறுத்திவிட்டு மண்வெட்டியோடு இறங்கினேன். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. டயர் கடைக்காரர் கூப்பிடாமலே குழிக்குள் இறங்கி வாளியால் இறைத்தார். நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருடைய செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. ஓரம் எதுவும் நேராக வரவில்லை. எத்தனையோ குழி வெட்டியிருக்கிறேன். அது எவ்வளவு ஆழம் என்று நேற்றுதான் தெரிந்தது.

பாப்பா மேட்டில் ஒரு கீறல் இல்லை.

நாளை மேல்வரிசையில் ஒருவருக்கு வெட்ட வேண்டுமாம். யாரென்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். இதற்கு முன் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தவராம். அங்கே வண்டி போதும். வெட்டிவிட்டு டீக்குப் போகமாட்டேன். அவர் வீட்டார் வந்து சேரும்வரை வண்டியை விட்டு இறங்கி நிற்பேன்.