பனியில் நடந்த முக்காடு

வில்பட்டி,
16-11-1979

அன்பு மகள் சகாயராணிக்கு, அப்பா மனுவேல் சொல்லச் சொல்ல உபதேசியார் அருளப்பன் எழுதுவது. மாதா புண்ணியத்தில், என் இருமலைத் தவிர, நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் பூனாவில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் தாயி. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரிதான், உன் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

உன் கடிதத்தை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஹாஸ்டலில் சமைக்கிற சாந்தாபாய் அரிசி திருடவில்லை என்று காலேஜ் பெரியவர்கள் முன்னால் நீ ஒருத்திதான் எழுந்து சொன்னாய், இப்போது சொன்னதை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வேலையை விடு என்கிறார்களாமே. தைரியமென்ன, நல்ல வாழ்வென்ன என்று வகுப்பில் தத்துவம் நடத்துகிறவள், எழுந்து நின்றபோது முழங்கால் நடுங்கியது, நான் பிள்ளைகளுக்குச் சொல்வதெல்லாம் பொய்யா அப்பா என்று கேட்டிருந்தாய். நியாயத்துக்காக உயிரை விட்ட ஒரு கிரேக்கப் பெரியவரைப் பற்றியும் எழுதியிருந்தாய். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, அந்த மனுசன் போனப்புறம் பொண்டாட்டி பிள்ளைகளுக்கு யாரு கஞ்சி ஊத்துனா, அதையும் கேட்டு எழுதச் சொல்லுங்க என்கிறாள்.

எனக்கு அந்தப் பெரியவரைத் தெரியாது, உன்னைத் தெரியும். திண்டுக்கல்லில் உனக்குப் பரீட்சை, பஸ் ஓடவில்லை, முட்டைக்கோசு லாரியில் ஒட்டன்சத்திரம் வரை போய்விடலாம் என்று உன்னையும் ஏற்றிக்கொண்டு போனேனே, நினைவிருக்கிறதா? பெருமாள்மலை தாண்டியதும் பனி மூடிவிட்டது. முதுகில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு ஒரு ஆள் முன்னால் நடக்க, டிரைவர் அந்த வெள்ளையைப் பார்த்து ஓட்டுவதுதான் நம் மலையில் வழக்கம். அன்றைக்குப் பார்த்து நானும் கிளீனரும் குளிருக்குக் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டோம். மூட்டை விழுந்து என் கால் வேறு வீங்கிக் கிடந்தது. கிளீனரோ பள்ளத்தைப் பார்த்துவிட்டு நான் எறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். நீதான் பையைத் திறந்து பூசைக்குப் போடும் வெள்ளை முக்காட்டை எடுத்து முதுகில் விரித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாய். அப்பா, காலு நடுங்குது என்றாய், சொல்லிக்கொண்டேதான் நடந்தாய்.

பழனியில் டீக்கடையில் டிரைவர் பொன்னுவேல் என்ன சொன்னார் தெரியுமா? நீ கை கழுவப் போயிருந்தாய். ஏலே மனுவேலு, ஒம் மக நடுங்குனதுதான் நல்லதாப் போச்சு, துணி ஆடாம இருந்திருந்தா பனியோட பனியாப் போயிருக்கும், எனக்குக் கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது என்றார். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் எம் மக, எம் மக என்று உன்னைக் காட்டினேன். இன்றைக்கும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு என்று உபதேசியார் எழுதுகிறபோதே சிரிக்கிறார்.

அதனால் வாபஸ் வாங்காதே மகளே. கால் நடுங்கினால் நடுங்கட்டும், உனக்குப் பின்னால் சாந்தாபாய் வருகிறாள். வேலை போனால் வெரசாக ரயில் ஏறு, அவளையும் கூட்டிக்கொண்டு வா. அந்தம்மாவுக்கு நம்ம சோறு எறங்குமா என்று உன் அம்மா இப்போதே கேட்கிறாள்.

ஆரோக்கிய மாதா உன் முன்னால் நடக்கட்டும். பார்சலில் மலைப்பூண்டு வருகிறது, அடியில் அந்த முக்காடு இருக்கிறது. பூண்டு வாடை போக அலசிவிட்டுப் போட்டுக்கொள்.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படும் அப்பா,
மனுவேல் (இடது பெருவிரல் ரேகை)