பிரெஸ்டில் கிடைத்த இடம்

செவ்வாய், 14 ஒக்டோபர்

பிரெஸ்ட் துறைமுகத்தில், கடலில் மிதக்கவிடும் அளவுக் கருவிகளைத் திருத்தும் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்ததாம். விண்ணப்பத்தில் என் மனைவி சுதாவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அவளுக்குத்தான் பிரெஞ்சு நன்றாக வரும். அவள் செத்தபிறகு அந்தப் போன் அவளுடைய தமையனிடம் இருக்கிறது. பயிற்சி நிலையத்திலிருந்து அதற்கு எடுத்தபோது, நான் வரமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். இன்றைக்குப் பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில் ஒரு தமிழ்க் கடையில் தேத்தண்ணி குடித்தபடி, சும்மா ஒரு கதையாகச் சொன்னார்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள், அத்தான்?"

"அவள் போய் ஒரு வருசமாகேல்லை, ஆட்டத்திவசம்கூட முடியேல்லை. உமக்கு இப்ப கடல் கேக்குதோ?"

"விண்ணப்ப டொசியே நிரப்பினதே உங்கட தங்கச்சிதான்!"

கடையே திரும்பிப் பார்த்தது. வெளியே வந்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நானே அந்த நிலையத்துக்கு எடுத்தேன். இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்றாள் போனில் பேசிய பெண்.

யார் நிரப்பித் தருவது?