திரும்பாத உள்ளங்கை

1979 ஜனவரி 9, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். வலது கை ஒடிந்துவிட்டது. மற்றதெல்லாம் பிறகு.

ஜனவரி 13, சனி

போகி. எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கிறது. இருந்தாலும் குறித்து வைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை, ஆறு மாதக் கர்ப்பிணி பாஞ்சாலியைப் பார்க்கப் போகும்போது, பனியில் நனைந்த பாறையில் வழுக்கினேன். கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் எலும்பு முறிந்தது. ஜீப்பில் மலையிறங்கித் திருப்பத்தூர் போய் மாவுக்கட்டு. முழங்கைக்கு மேலிருந்து உள்ளங்கை வரை. ஆறு வாரம். விரல்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன.

ஜனவரி 21, ஞாயிறு

இங்கே புதூர்நாட்டுத் துணை சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ், குப்பம்மாள் ஆயா. என் வயதுதான். ஆனால் இப்போது அவள் சொல்வதுதான் சட்டம். "நர்சம்மா, வெரலக்கூட அசைக்காதீங்க. எலும்பு தூங்குனாத்தான் ஒட்டும்."

மணிக்கொரு தரம் விரலை மடக்கி நீட்டச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். நானும் எத்தனை பேருக்கு அதையே சொல்லியிருக்கிறேன். ஊருக்குத்தானடி உபதேசம். ஆனால் கேழ்வரகுக் களியை உருட்டி, கீரைக் குழம்பில் தொட்டு வாயில் வைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பிப்ரவரி 4, ஞாயிறு

தலை வாரிவிடுகிறார்கள், துணி துவைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் செய்கிறார்கள். மகாராணி மாதிரி இருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கையே இல்லை. வற்றல் மாதிரி ஒன்று. முழங்கை பாதிதான் மடங்குகிறது.

"முழங்கைய விலாவோட ஒட்டி வெச்சு உள்ளங்கைய மேல திருப்புங்க" என்றார் டாக்டர். திருப்பினேன். திரும்பியது என்றே நினைத்தேன். "உடம்பச் சாய்க்காதீங்க சிஸ்டர். கைதான் திரும்பணும்." நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தால் கட்டைவிரல் மேலே வருகிறது, அதற்குமேல் கை நகரவில்லை.

"கட்டுக்குள்ள வெரல ஆட்டிட்டு இருந்தீங்களா?" தலையை ஆட்டினேன். பொய். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஏப்ரல் இருபத்திநாலு வாங்க. அப்பவும் திரும்பலன்னா பிரசவம் பாக்கறது கஷ்டம். கீழ ஆபீஸ்ல எழுத்து வேலைக்கு சிபாரிசு பண்றேன்."



பிப்ரவரி 22, வியாழன்

வலது கையால் எழுதுகிறேன். கவிழ்ந்த கைக்கு எழுத வருகிறது. ஆபீசுக்கு ஏற்ற கைதான்.

பயிற்சியில் இந்தப் படம் போட்டுப் பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான். உள்ளங்கை மேலே பார்க்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும், ரேடியஸும் அல்னாவும், பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும். கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்கே ஏறிக்கொள்ளும். முழங்கையில் அல்னா கதவுக் கீல் போல மடங்கும். ரேடியஸின் தலையோ ஒரு வளையத்துக்குள் உருளும், முளையில் மாவரைக்கும் ஏந்திரக்கல் சுற்றுகிற மாதிரி. மணிக்கட்டில் எட்டு குட்டி எலும்புகள். எல்லாம் மனப்பாடம். என்ன பிரயோசனம்?

குழந்தையின் தலை வரும்போது உள்ளங்கை கீழிருந்து தாங்க வேண்டும். கவிழ்ந்த கை எதையும் ஏந்தாது.

மார்ச் 2, வெள்ளி

சந்தவாசல் வீட்டிலிருந்து என் கடிதத்துக்குப் பதில். அம்மா சொல்லச் சொல்லத் தம்பி எழுதியது. 'பூங்கோதை, அம்மனே பார்த்துத்தான் உன்னை வழுக்கி விட்டிருக்கிறாள். ஆபீஸ் வேலை, மின்விசிறி, ஞாயிறு லீவு. வீட்டுப் பக்கமே வந்துவிடலாம்.'

எனக்கு இன்னாத்துக்கு மின்விசிறி? இந்த மலையில் யார் கேட்டது? ஒன்பது வருஷமாக இந்தப் பன்னிரண்டு ஊரிலும் பிறந்ததெல்லாம் என் கையில் விழுந்தது. எனக்கு இங்கேதான் இருக்க வேண்டும். இதை அம்மாவுக்கு எப்படி எழுதுவது?

மார்ச் 5, திங்கள்

குப்பம்மாளிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "நாங்கதான் ஒங்க கையக் கெடுத்துட்டமா?" என்றாள்.

"நீங்க ஊட்டுனீங்க. வாயத் தொறந்தது நான்தானே."

மத்தியானம் களித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். உருண்டை மோவாய்வரை வந்தது. மீதித் தூரத்துக்குக் கழுத்தை நீட்டினேன். பாதி களி புடவையில். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மார்ச் 11, ஞாயிறு

புளி உலுக்கும் காலம். வாசலுக்கு வாசல் புளியைக் கொட்டிவைத்துத் தட்டுகிறார்கள். குப்பம்மாள் ஒரு கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள். கூடவே புளி தட்டும் கட்டை.

தட்டும்போதுதான் கவனித்தேன். கட்டையை நிமிர்த்திப் பிடித்து மெல்ல வெளிப்பக்கம் சாயவிட்டால் அதன் கனமே கையைத் திருப்புகிறது. முழங்கை விலாவோடு ஒட்டி, ஐம்பது தடவை. வலி உயிர் போகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் மனசு கேட்காமல், "குடுங்க நர்சம்மா, நான் தட்டறேன்" என்று வந்தாள். "பாவம் பாத்தா பழி வந்து சேரும், போ அந்தாண்ட" என்று குப்பம்மாள் விரட்டினாள்.

மார்ச் 19, திங்கள்

களி வாய்க்கு எட்டியது. கழுத்தை நீட்டவில்லை.

ஏப்ரல் 3, செவ்வாய்

தினமும் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். போன வாரம் ஊற்றியது எல்லாம் சுண்டுவிரல் பக்கம் வழிந்தது. இன்று ஒரு வாய் நின்றது. குப்பம்மாள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "கொளம் ரொம்பிடுச்சி" என்றாள். மணிக்கட்டு இன்னும் காலையில் முறுக்கிக்கொள்கிறது. எட்டு எலும்பையும் பெயர் சொல்லித் திட்டினேன்.

ஏப்ரல் 15, ஞாயிறு

பாஞ்சாலி பரிசோதனைக்கு வந்தாள். குழந்தையின் தலை இறங்கிவிட்டது. "இருபத்திநாலு கீழ போறீங்களாமே. திரும்பி வருவீங்க இல்ல?" என்றாள். வருவேன் என்றேன். என் குரல் எனக்கே உறுதியாக இல்லை. இருபத்திநாலு வரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 24, செவ்வாய்

ஆறு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு ஜீப்புக்கு நின்றேன். பாஞ்சாலியின் புருஷன் சின்னதம்பி மேலே இருந்து ஓடி வந்தான். "ராத்திரியே வலி எடுத்துடுச்சிங்க." பையை எடுத்துக்கொண்டு அவனோடு நடந்தேன். பின்னால் ஜீப் ஹாரன் அடித்தது, அப்புறம் அடிக்கவில்லை.

தலைச்சன் பிரசவம், மெதுவாகத்தான் வந்தது. பகல் பதினொரு மணிக்குப் பெண் குழந்தை. நன்றாக அழுதாள். பாஞ்சாலி சுகம்.

கை கழுவ அவள் மாமியார் செல்லியம்மாள் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீரை ஏந்திய என் இரண்டு உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒடஞ்ச கை எதும்மா?" என்றாள். அப்போதுதான், காலையிலிருந்து கையைப் பற்றி ஒரு முறைகூட நினைக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

டாக்டருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், நாளைக்கு ஜீப்பில் கொடுத்தனுப்ப வேண்டும். 'குறித்த நாளில் நேரில் வர இயலவில்லை. பிரசவம் பார்க்க வேண்டியிருந்தது.'