பூச்சியத்தைப் பிடித்தவன்

இன்று காலை என் இளைய மகள் வீட்டில் தேநீர் குடித்தேன். முதல் மிடறிலேயே தெரிந்துவிட்டது. சீனியையும் மீறி உப்பு. நான் கோப்பையைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். "ஒரு மாசமா இப்பிடித்தான் வாப்பா, கிணத்துத் தண்ணி கரிக்குது. மழ வந்தாச் சரியாப் போயிரும்" என்றாள். அவள் மடியில் நாற்பது நாள் இன்னும் நிரம்பாத பிள்ளை. பெண் பிள்ளை.  கசாயம் குடிப்பதுபோல் அடிவரை குடித்து முடித்தேன். கூட்டாளி, நீ மவுத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு வருடமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்த ஒரு கோப்பை கிளறிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கிணறு உனக்குத் தெரியாததா? எழுபத்தெட்டில் நம் கிழக்குக் கரையில் சூறாவளி அடித்து ஓய்ந்த பிறகு, என் மனைவிக்கு அவளுடைய வாப்பா கொடுத்த கடற்கரை வளவு, அந்தத் தென்னங்காணி, என்ன ஆயிற்று என்று பார்க்க நாம் இரண்டு பேரும் போனோம். தென்னைகளில் இரண்டுதான் நின்றன. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ நில அளவையாளன். துக்கம் வந்தாலும் உனக்கு அளக்கத்தான் தோன்றும். பையிலிருந்து டேப்பை எடுத்து அதன் பூச்சியம் தொடங்கும் நுனி வளையத்தை என் கையில் தந்தாய். "பூச்சியத்த நீ புடி. கிணத்துக் கட்டோட சேத்துப் புடி, அசையாத" என்றாய். டேப்பை விட்டுக்கொண்டே கிழக்கே நடந்து, அடம்பன் கொடி முடிந்து வெறும் மணல் தொடங்குகிற இடத்தில் நின்றாய். அங்கிருந்து எண்ணைக் கூவிச் சொன்னாய், பிறகு கொப்பியில் எழுதினாய்.

அன்று தொடங்கியது உன் பைத்தியம். ஒவ்வொரு வருடமும் வாடைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் என் வாசலில் வந்து நிற்பாய். கணக்கு மாஸ்டர் நான், வகுப்பில் நூறு பிள்ளைகளை அடக்குபவன், உன்னிடம் மட்டும் பூச்சியத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பேன். சில வருடம் கொடி முன்னே போயிருக்கும், சில வருடம் பின்னே வந்திருக்கும். "பாத்தியா, கடல் எடுத்தத் திருப்பித் தந்திட்டு" என்று நான் சிரிப்பேன். நீ சிரிக்க மாட்டாய். "தருதுதான். எடுத்த அளவுக்குத் தருதில்ல" என்பாய். எனக்கு உன் கொப்பி ஒரு வேடிக்கை. உண்மையைச் சொன்னால், உன்னோடு கடற்கரையில் அரை நாள் கழிப்பதற்காகத்தான் வந்தேன்.

எண்பதுகளின் நடுவில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சஞ்சிகை உன் கைக்குக் கிடைத்தது. புகையால் பூமி சூடாகிறது, சூட்டால் கடல் உயரும், நூறு வருடத்தில் இவ்வளவு உயரலாம் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். நீ அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் இருந்து வாசித்தாய். பிறகு தேநீர்க் கடையில் எங்களை உட்காரவைத்து, கேத்தலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி அடுப்பில் ஏற்றச் சொன்னாய். கொதிக்கும் முன்பே தண்ணீர் விளிம்பால் வழிந்தது. "ஒரு சொட்டும் நாம சேக்கல்ல. சூடு பட்டாத் தண்ணி விரியும். கடலும் தண்ணிதான்" என்றாய். கடைக்காரர் நனைந்த அடுப்பைப் பார்த்து உன்னை ஏசினார். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தச் சிரிப்புத்தான் வாசிகசாலை விவாதத்தில் போய் முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை, அசர் தொழுகைக்குப் பிறகு, 'கடல் நம் ஊரைக் கொள்ளுமா?' என்று தலைப்பு. கொள்ளும் என்று நீ. கொள்ளாது என்று நான். யுத்தத்தால் ஊரடங்கும் சோதனைச் சாவடியுமாக இருந்த காலம். இருட்டி மக்ரிப் ஆகுமுன் வீடு திரும்ப வேண்டும் என்ற அவசரத்திலும் சனம் நிரம்பியிருந்தது. சிரிக்க ஒரு இடம் கிடைத்தால் யார் விடுவார்கள்?

நீ அமைதியாகப் பேசினாய். குறைந்த கணக்கு ஒன்று இருக்கிறது, கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது, குறைந்த கணக்குப்படி நடந்தாலும் நம் கிணறுகள் கெடும் என்றாய். நான் எழும்பி அந்த இடத்தைத்தான் பிடித்தேன். "குறைஞ்ச கணக்குக்கு முழங்கால் நனையும், கூடின கணக்குக்குக் கூரை தாழும். இப்பிடி ஒரு விடைய என்ட வகுப்பில ஒரு பொடியன் எழுதினா நான் முட்டதான் போடுவன்" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நீ சொன்ன பதில் அந்தச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. "ஒரு டொக்டர் ஆறு மாசம் எண்டு செல்றார், இன்னொருத்தர் ரெண்டு வருசம் எண்டு செல்றார். அதுக்காக நோயாளிக்கு நோயில்ல எண்டு ஆகுமா மச்சான்?"

நான் விடவில்லை. எனக்கு உன் பலவீனம் தெரியும். நீ பொய் சொல்ல மாட்டாய். "நாம வருசா வருசம் அளக்கிற எடத்தில மண் குறைஞ்சிரிக்கி எண்டு செல்றாய். அது பூமி சூடானதாலதானா? ஓம் எண்டு செல்லு, நான் வாய மூடி இருந்திர்றன்" என்றேன். நீ தலையைக் குனிந்து யோசித்தாய். மண் அள்ளுகிறார்கள், ஆற்றுவாய் இடம் மாறுகிறது, காற்றும் ஒரு காரணம் என்று உன் மனதில் ஓடியிருக்கும். கடைசியில் "தெரியா" என்றாய். அந்த ஒரு சொல்லோடு விவாதம் முடிந்தது. பின்வரிசையில் ஒருவர், "நாளைக்கு உசிரோட இரிப்பமா எண்டே தெரியா, இவருக்கு நூறு வருசத்துக் கவல" என்றார். என்னைத் தோளில் தட்டினார்கள். நீ கதிரைகளை அடுக்க உதவிவிட்டுப் போனாய்.

நம் ஊரில் பெண் பிள்ளை பிறந்தால் அன்றைக்கே வாப்பாவின் தலையில் ஒரு சீதன வீடு ஏறிவிடும். மூத்தவளுக்கு நான் இருந்த வீட்டை எழுதிவிட்டேன். இளையவளுக்கு மிஞ்சியது கடற்கரை வளவு மட்டும்தான். அந்த வளவின் மேற்குப் பக்கத்தில் வீட்டைக் கட்டிக் கூரை போட்டிருந்த நேரத்தில் அவளுக்கு நல்ல சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையானவர்கள். ஆனாலும் உறுதிப் பத்திரம் எழுத நில அளவைப் படம் வேண்டும், படத்தைப் பார்த்துத்தான் நிக்காஹ்வுக்கு நாள் என்றார்கள். அதில் பிழை இல்லை. என் மூத்தவள் கல்யாணத்தில் நானும் அப்படித்தான் காட்டினேன். படம் வரைய உன்னை விட்டால் எனக்கு யார்?

பழைய உறுதியில் கிழக்கு மேற்கு நீளம் ஆறடிப் பாகத்தில் இருபத்தைந்து, கிழக்கெல்லை கடற்கரை என்று இருந்தது. மேற்கு வேலியில் நான் பூச்சியத்தைப் பிடித்தேன். நீ வீட்டையும் கிணற்றையும் தாண்டி நடந்தாய். இருபத்திரண்டு பாகத்தில் கொடி முடிந்துவிட்டது. மற்ற மூன்று பாகமும் ஈர மணலாகக் கிடந்தது. நீ இரண்டு தரம் அளந்தாய். மூன்றாம் தரம் அளக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அன்று அந்தக் கிணற்றுக் கட்டில் நாம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. "என்ட வயல் பக்கத்து வளவ எடு. இந்த வளவ எனக்குத் தா. எனக்கு இரிக்கிறது ஆம்புளப் புள்ளயள், அவனுகள் பொண்டாட்டி வீட்டுக்குப் போயிருவானுகள். புள்ளைய அங்கால கொண்டு போடா" என்றாய். கெஞ்சுகிற குரலில் சொன்னாய். நான் மறுத்தேன். வீடு கூரைவரை எழும்பிவிட்டது என்றேன். அடுத்தவன் காணியில் மகளைக் குடியேற்றியதாக ஊர் சொல்லும் என்றேன். இரண்டும் பொய் இல்லை, ஆனால் காரணம் அவை அல்ல. இன்றைக்கு உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? வாசிகசாலையில் கைதட்டல் வாங்கியவன், கடலுக்குப் பயந்து மகளை மேற்கே கொண்டுபோனான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதுதான் காரணம். ஒரு மாலை நேரக் கைதட்டலுக்காக என் பிள்ளையை அங்கே வைத்தேன்.

அதோடு விட்டேனா? படத்தில் இருபத்தைந்து என்றே போடச் சொன்னேன். மூன்று பாகம் குறைந்தால் சம்பந்தம் கலங்கிவிடும், அவளுக்கு வயது போகிறது என்று உன் கையைப் பிடித்து அழுதேன். இருபத்தைந்து வருடத் தொழிலில் ஒரு விரற்கடை பொய் அளக்காத உன்னிடம் கேட்டேன். நீ டேப்பைச் சுருட்டினாய். பிறகு பையைத் திறந்தாய். மறுவாரம் படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து, என் முன்னாலேயே கையெழுத்து வைத்தாய். "கடல் என்ட கையெழுத்த வாசிக்காது மச்சான். ஒன்ட சம்பந்திதான் வாசிப்பார். புள்ளைக்காக வெக்கிறன்" என்றாய். கல்யாணத்தில் வந்து நின்றாய், சகனைச் சுற்றி உட்கார்ந்து மற்றவர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டாய், என் மகளுக்காக இரண்டு கையையும் ஏந்தி துஆக் கேட்டாய். அதன் பிறகு வாடை ஓய்ந்தபோது என் வாசலுக்கு நீ வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. 

அடுத்த வருடம் உன் நெஞ்சு நின்றுவிட்டது. கடற்கரை மையவாடியில் உன்னை அடக்கினோம். மூன்று பிடி மண் போடக் கையை விட்டபோது மண் குளிர்ந்து ஈரமாக இருந்தது. உன் மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்த பிறகு டேப்பையும் கொப்பியையும் மகனிடம் கொடுத்தனுப்பினாள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருபத்திரண்டு என்று எழுதி, பக்கத்தில் இருபத்தைந்து என்றும் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்திருந்தாய். வேறு ஒரு சொல்லும் இல்லை. நீ என்னை ஏசி நாலு வரி எழுதியிருக்கலாம். எனக்கு அதைத் தாங்கியிருக்க முடியும்.

இன்று தேநீர் குடித்து முடித்ததும் மருமகன் படத்தைக் கொண்டுவந்தான். நல்ல பிள்ளை. கிணற்றுக்கு அப்பால் கடல் பக்கமாக ஓர் அறை கட்டிப் புதுக் கிணறும் இறக்கப்போகிறானாம். "இது பொம்புளப் புள்ளட வாப்பாட கவல மாமா. நாளைக்கு இந்த வீடு இவளுக்குத்தானே. பிளான்ல இன்னும் எடம் கெடக்கு, அளந்து பாப்பம்" என்றான். அவள் வளர்ந்து பெரியவளாகும்போது நான் இருக்கப்போவதில்லை. நீ வாசித்த அந்த நூறு வருடக் கணக்கில் பாதியை அந்தக் குழந்தை இருந்து பார்க்கும். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். உன் கையெழுத்துக்கு மேல் அவன் விரல் இருந்தது. சொன்னால் ஊருக்குப் பொய்யனாகப் போவது நீ. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அங்கே கிடக்கும். அதற்குள் அவன், நீ போனதிலிருந்து என் பையிலேயே கிடக்கும் உன் டேப்பை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டான். நுனி வளையத்தை என்னிடம் நீட்டினான்.

மேற்கு வேலியில் குந்தினேன். அசையாமல் பிடித்தேன். மருமகன் வீட்டைத் தாண்டினான், கிணற்றைத் தாண்டினான், கொடியைத் தாண்டினான். படத்தைப் பார்ப்பதும் டேப்பைப் பார்ப்பதுமாகப் போனான். ஓர் அலை வந்து அவன் காலை முழங்கால்வரை நனைத்தது. இருபத்தைந்து பாகம் எட்டுமுன்பே நின்றுவிட்டான். படத்தை ஒரு தரம் திருப்பிப் பார்த்தான். பிறகு அங்கிருந்தே கூவிக் கேட்டான்.

"மாமா, பூச்சியத்தச் சரியாப் புடிச்சிரிக்கிங்களா?"

"ஓம் மகன்" என்றேன். "சரியாத்தான் புடிச்சிரிக்கன்."